முப்பத்திரண்டைக் கழித்தால் போதுமா?

மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் சி மொழியில் எழுதும் தொடக்க நிரல்களுள் ஒன்று, ஆங்கிலச் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றுவது. ஆஸ்கி அட்டவணையில் பெரிய ‘ஏ’ 65, சின்ன ‘ஏ’ 97. முப்பத்திரண்டைக் கழித்தால் வேலை முடிந்தது.

இந்தப் பயிற்சியைத் தமிழில் ஏன் தருவதில்லை என்று கேட்டால், “தமிழில் அந்தப் பேதமே இல்லையே” என்கிறார்கள் கணினித்துறை நண்பர்கள். “அது நம் வேலையல்ல” என்கிறார்கள் தமிழ்த்துறை நண்பர்கள். இரண்டுமே சோம்பல் என்பது என் கட்சி.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து நமக்கில்லை. குறிலும் நெடிலும் உண்டு. ஒருங்குறியில் ஏகாரக் குறியின் எண், எகரக் குறியின் எண்ணைவிட ஒன்று கூடுதல். ஓகாரத்துக்கும் ஒகரத்துக்கும் அதே கணக்கு. அங்கே 32, இங்கே 1. புள்ளியோ தனிக்குறி, யுடிஎஃப்-8 முறையில் 224, 175, 141 என மூன்று பைட்டுகள்.

இந்த நெடில்களைக் குறிலாக்கிப் புள்ளியையும் நீக்கும் நிரலை மாணவர் ஒரே வகுப்பில் எழுதிவிடலாம். அச்சிட்ட பாடலை அது ஏறக்குறைய ஓலைச்சுவடியாக்கிவிடும். ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியிட்டதில்லை. ஏகார, ஓகாரங்களை வடிவில் பிரித்துக் காட்டும் இன்றைய முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தந்தது. நம்மூர்க் ‘கண்மாய்’ நிரலுக்குள் போய்க் ‘கணமாய’ என்று வெளிவரும். ‘மெய்’, ‘மேய்’ இரண்டும் ‘மெய’ ஆகும்.

பிறகு அதே மாணவரிடம் தலைகீழ் நிரலைக் கேளுங்கள். ஒன்றைக் கூட்டலாம், எங்கே கூட்டுவது? புள்ளியை எந்த எழுத்தின்மேல் வைப்பது? கூட்டலும் கழித்தலும் கைவிடும் இடம் அது. யாப்பும் சொல்வளமும் பொருளறிவும் வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரின் உழைப்பு எத்தகையது என்பது, என் பதிப்பியல் வகுப்பில் விளங்காதவனுக்கும் அப்போது விளங்கும்.

கடினம் என்பார்கள். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைச் சி மொழியிடம் கேட்டால் 15 என்று பைட்டுகளை எண்ணிச் சொல்லும். நாம் மூன்றெழுத்து என்போம். எழுத்து என்பது எது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. தொல்காப்பியம் தொடங்குவதும் அந்தக் கேள்வியில்தான். அதைக் கடினம் என்று ஒதுக்கிவிட்டு வேறெதைக் கற்பிக்கப் போகிறோம்?

செய்முறை ஏட்டில் ஒரு பக்கம் போதும். அதை இரு துறையும் சேர்ந்து எழுதட்டும்.