கசக்கும் குமட்டி

கோடை பிறந்துவிட்டால் நம் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரங்களில் தர்ப்பூசணி குவிந்து கிடக்கும். அதன் நெருங்கிய உறவுக்காரச் செடி ஒன்று உண்டு. பேய்க்குமட்டி என்பர், ஆற்றுத்தும்மட்டி என்றும் கூறுவர். காய் தோற்றத்தில் சின்னஞ்சிறு தர்ப்பூசணியேதான். அரபு நாட்டுப் பாலையிலிருந்து இந்தியாவின் வறண்ட மணற்பாங்கான நிலங்கள் வரை தானே முளைத்துப் படரும். மேலே கொடி காய்ந்தாலும், மண்ணுக்குள் ஆழச் சென்ற வேர் அடுத்த மழைக்குத் துளிர்விடும்.

அரபியர் இதனை 'ஹன்ழல்' என்பர். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் இடம்பெற்றுள்ள நபிமொழியில், குர்ஆன் ஓதாத நயவஞ்சகனுக்கு உவமையாக வருவது இதுவே. மணமுமில்லை, சுவையும் கசப்பு.

சென்ற மாதம் எம் மதரஸா மாணவன் ஒருவனின் தாயார் இக்காய்கள் சிலவற்றைத் துணியில் முடிந்து வந்தார். கணவர் தொழிற்சாலையில் இரவுப் பணி; சர்க்கரை நோயாளி. இதை நசுக்கிச் சாறு குடித்தால் நோய் பறந்துவிடும் என்று உடன் வேலை செய்பவர் சொன்னாராம்.

"ஹஜரத், ஹதீஸில் வருகிற காய்தானே, கொடுக்கலாமா?" என்றார்.

ஹதீஸில் வருவது உண்மைதான் அம்மா. ஆனால் மருந்தென்று வரவில்லை, கசப்புக்கு உவமையாக வந்துள்ளது என்றேன். கருஞ்சீரகத்தின் செய்தி வேறு, இதன் செய்தி வேறு. பெயர் வந்துவிட்டதாலேயே பொருள் பரக்கத்தாகிவிடும் என எண்ணுவோர் நம்மில் அதிகம்.

இக்காயின் சதை கடும் பேதி மருந்து. யூனானி ஹகீம்கள் கையாள்வதுண்டு. அதுவும் மிகச் சிறிய அளவில், வேகத்தைத் தணிக்கும் பொருள்களுடன் சேர்த்தே. சர்க்கரையைக் குறைக்குமா என்று பார்த்த ஆய்வுகளிலும் மில்லிகிராம் கணக்கில்தான் கொடுத்தார்கள். அளவறியாமல் பச்சைச் சாற்றைக் குடித்தால் குடல் புண்ணாகி இரத்தபேதியே காணும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது; கருவுக்கே ஆபத்து.

அந்த அம்மையார் காய்களை என் மேசையிலேயே விட்டுவிட்டுச் சென்றார். கணவர் இப்போது அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறார்.

மறுநாள் வகுப்பில் ஒரு காயை அறுத்துக் காட்டினேன். பிள்ளைகள் வரிசையாக முகர்ந்து பார்த்து, "வாசனையே இல்லை ஹஜரத்" என்றனர். சுவையை மட்டும் என் வாய்ச்சொல்லால் ஏற்றுக்கொள்ளச் சொன்னேன்.