கல்லை நம்பியா காரை நிறுத்துவது?

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் யான் வட்டாரத்தின் நெல்வயல்கள், அதற்கப்பால் கடல். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இப்படி வளைந்து வளைந்து ஏறும் சாலை என்றால் கொள்ளை ஆசை. ஆனால் மேலே போய்ச் சேர்ந்ததும் சிலர் முதலில் தேடுவது, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்!

அந்தக் கல்லைப் பார்த்தாலே புரிந்துவிடும், அந்தக் காரின் ஹேண்ட்பிரேக்கை அதன் சொந்தக்காரரே நம்பவில்லை என்று.

எம்ஜிபி என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை தயாரானது. 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் உள்ள பிடியை இழுத்தால், காருக்கு அடியில் ஓடும் எஃகுக் கம்பி பின் ஆக்சில் வரை இழுபடும். அங்கிருந்து இழுவை இரண்டு பின் டிரம்களுக்கும் பிரிந்து போகும். கால்பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. ஹேண்ட்பிரேக்குக்கு எண்ணெய் தேவையில்லை. ஒருநாள் எண்ணெய் கசிந்து கால்பிரேக் கைவிட்டால், மிச்சம் இருப்பது இந்தக் கம்பி ஒன்றுதான்.

நம்ம ஊர் மழையும் கடற்காற்றும் கம்பியைச் சும்மா விடுமா? உறைக்குள்ளேயே துரு ஏறும். பிடியை உயரத் தூக்கியும் கார் நகர்ந்தால் ஒரு அறிகுறி. பிடியை இறக்கிய பிறகும் கம்பி திரும்பாமல் பின் டிரம் சூடேறினால் இன்னொரு அறிகுறி.

புதுக் கம்பி வாங்கும் முன் காரைப் பாருங்கள். எம்ஜிபியில் பின் ஆக்சில் இரண்டு வகை. கம்பிச் சக்கரமா, சாதாரணச் சக்கரமா என்பதைப் பொறுத்தும் ஹேண்ட்பிரேக் கம்பி மாறும். "எம்ஜிபிக்கு ஒன்று கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் தவறான கம்பிதான் வீடு வந்து சேரும்.

வேலையில் இறங்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கழற்றப் போவதே ஹேண்ட்பிரேக்! அதனால் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்த பிறகுதான் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம்; ஸ்டாண்ட் கட்டாயம். டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலுக்கு நஞ்சு.

கம்பியை மாட்டிய பிறகு பலர் அவசரப்பட்டு அதையே முறுக்குவார்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது டிரம்முக்குள் இருக்கும் பிரேக் கட்டைகளை. பின்தட்டில் உள்ள சதுரத் தலை திருகைச் சக்கரம் இறுகும் வரை திருப்பி, பிறகு தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் இதை முடித்த பிறகுதான் கம்பியின் நட்டைத் தொட வேண்டும். கட்டை தேய்ந்ததைக் கம்பியை இழுத்துச் சமாளித்தால், சில மாதங்களில் பழைய கதைதான்.

நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயமில்லை. பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் காரைப் பரிசோதிக்கிறார்கள். அப்பா காலத்திலிருந்து ஒரே பெயரில் வீட்டில் நிற்கும் காரின் ஹேண்ட்பிரேக்கை இருபது, முப்பது ஆண்டுகள் யாருமே பார்க்காமல் இருந்திருக்கலாம். வெளியே பளபளவென்று சாயம் பூசியிருப்போம். அதே காரில்தான் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, சரிவில் நிறுத்திக் கடைக்குள் போகிறோம்.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களும் இந்த வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். முன்னும் பின்னும் ஆளோ வண்டியோ இல்லாத லேசான சரிவில் காரை நிறுத்துங்கள். கால்பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை மெல்ல எடுங்கள். கார் அசைந்தால் உடனே மிதித்துவிட்டு, அடுத்த நாளே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.