பழைய ஜோக்குகளுக்கு ஏன் சிரிப்பு வருவதில்லை?

பழைய ஆனந்த விகடன் பைண்டு வால்யூம்களைப் புரட்டும் இளைஞர்கள் பலரும் சொல்வது இது: "படம் பிரமாதம், சிரிப்புதான் வரவில்லை." அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அந்தக் கால நகைச்சுவையைச் சிலர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், சிலர் மொத்தமாக ஒதுக்கித் தள்ளுகிறார்கள்.

முதல் காரணம், ஜோக்குக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையே போய்விட்டது. வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவுசெய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் தெருவுக்கே கேட்கும்படி கத்திப் பேசியவர்களுக்கு அதைப் பற்றிய ஜோக்கில் விளக்கம் தேவைப்படவில்லை. செல்பேசியோடு வளர்ந்தவருக்கு ஒரு பத்தி விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிவிடும். இதில் ஓவியர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இரண்டாவது வேறு மாதிரி. பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி, கொடுமைக்கார மாமியார், எஜமானரின் பார்வையில் மாட்டும் வேலைக்காரி, வாசலில் நிற்கும் இராப்பிச்சைக்காரர். எல்லாமே நன்றாகப் புரிகிறது. புரிவதால்தான் சிரிக்க மனம் வருவதில்லை. "அந்தக் காலம் அப்படி" என்பது பாதி பதில்தான். அந்தக் காலத்திலும் இதே பக்கத்தைப் படித்த மருமகள்கள் இருந்தார்கள். வேலைக்காரியின் மகள் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கலாம். பூரிக்கட்டை ஜோக்கை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வீடுகளில் பெரும்பாலும் அடி வாங்கியது பெண்கள். பத்திரிகையில் மட்டும் அடி வாங்கியது ஆண். நிஜத்தைத் தலைகீழாக்கி அதை மறக்கச் செய்த வேடிக்கை அது.

இந்த இரண்டிலும் சிக்காதவையும் நிறைய உண்டு. கர்நாடக சங்கீத வித்வான்களை விகடன் ஓவியர் மாலி வரைந்த கோட்டுச் சித்திரங்கள் அப்படிப்பட்டவை. அந்த வித்வானின் பாட்டை ஒரு நாளும் கேட்காதவருக்கும், உயர்ந்த கையும் சுளித்த முகமும் ஆளின் குணத்தைச் சொல்லிவிடும். மாலியின் வழியில் வந்த கோபுலு ஒரு வார்த்தைகூட இல்லாமல் நகைச்சுவைப் படம் போட்டவர். வசனம் இல்லாததால் வழக்கொழிந்துபோகவும் அதில் எதுவும் இல்லை. திகைப்பு, அசட்டுத்தனம், வீட்டுப் பெரியவரின் வீண் ஜம்பம் எல்லாம் புருவத்திலும் தோளிலும் இருக்கும். இதைவிட உயர்ந்த பத்திரிகைக் கலை தமிழில் குறைவு என்பேன்.

அரசியல் ஜோக்கு சீக்கிரம் பழசாகிவிடும் என்பார்கள். அன்றன்றைய செய்தியோடு கட்டிப்போட்டவை ஆகத்தான் செய்யும். ஆனால் 1987இல் விகடன் அட்டையில் வந்ததைப் பாருங்கள். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஒருவர் ஜேப்படிக்காரர் மாதிரி, இன்னொருவர் கொள்ளைக்காரர் மாதிரி என்று அடையாளம் சொல்லப்பட்டது. இதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே விடுதலையானார். அந்த ஜோக்கில் யார் பெயரும் இல்லை. அதனால்தான் இன்று படிப்பவருக்கும் அது அப்படியே புரிகிறது.

பழைய ஜோக்குகளைத் தொகுத்து வெளியிடும் பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் வந்த தேதியையும் ஒரு வரிப் பின்னணியையும் தயவுசெய்து சேர்த்து அச்சிடுங்கள். இன்று முகம் சுளிக்க வைக்கும் ஜோக்குகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள்; அவையும் தேதியோடு இருக்கட்டும்.