வில்சன் மறுத்த மன்னிப்பு

1916 அமெரிக்க அதிபர் தேர்தலில் உட்ரோ வில்சனுக்குக் கைகொடுத்த முழக்கம், ‘நம்மைப் போரிலிருந்து விலக்கிவைத்தவர்’ என்பது. கலிபோர்னியாவில் கிடைத்த நாலாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசம்தான் அவரைக் கரைசேர்த்தது. மறுபடி பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை; 1917 ஏப்ரல் 2 அன்று போர்ப் பிரகடனம் கேட்டு நாடாளுமன்றத்தில் நின்றார்.

இதை வெறும் பல்டி என்று தள்ளிவிட முடியாது. முதல் உலகப் போர் வெடித்த 1914-ல் அவர் அறிவித்த நடுநிலையே சாய்ந்த தராசுதான். பிரிட்டனின் கடல் முற்றுகையை முணுமுணுத்தபடி பொறுத்துக்கொண்ட வாஷிங்டன், ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பொறுக்கவில்லை. 1915-ல் லூசிடானியா கப்பல் மூழ்கி 128 அமெரிக்கர்கள் மாண்டார்கள். ஜெர்மனிக்கு வில்சன் எழுதிய கடிதங்களின் கடுமையை ஏற்காமல் வெளியுறவு அமைச்சர் பிரையன் பதவி விலகினார். அதே ஆண்டில் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் 50 கோடி டாலர் கடன் திரட்டித் தந்தது வால் ஸ்ட்ரீட். அமெரிக்காவைப் போருக்குள் இழுக்க எஞ்சியிருந்ததை ஜெர்மனியே செய்து முடித்தது.

போருக்குப் போனதைவிட, போன விதம்தான் உறுத்துகிறது. உலகில் ஜனநாயகத்தைக் காக்கப் புறப்பட்டவர், உள்ளூரில் உளவுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். போரை எதிர்த்த பத்திரிகைகளை அஞ்சல் துறை முடக்கியது. ஒரு மேடைப் பேச்சுக்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டு சிறை. வில்சனின் சொல்லை நம்பியவர்கள் தூரத்தில் இருந்தார்கள். சென்னையில் முன்னாள் நீதிபதி சர் எஸ்.சுப்பிரமணிய ஐயர், இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு 1917-ல் அவருக்கே கடிதம் எழுதினார். அது லண்டனில் கண்டனத்துக்குள்ளானதும் ‘சர்’ பட்டத்தைத் தூக்கிப் போட்டார்.

பாரிஸ் அமைதி மாநாட்டுக்கு ஒரு செனட்டரைக்கூட வில்சன் அழைத்துப்போகவில்லை. அங்கே உருவான ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர வேண்டியதோ செனட். உலக அமைதிக்காக அவர் முன்வைத்த பன்னாட்டுச் சங்கத்துக்குச் செனட்டர் கேபட் லாட்ஜ் விதித்த நிபந்தனைகளை, பக்கவாதத்தில் படுத்த பிறகும் அவர் ஏற்க மறுத்தார். 1920 மார்ச்சில் நடந்த செனட் வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைந்தன. சங்கத்துக்காகத் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்திருக்கக்கூடிய இடதுசாரிகளையும் சமாதானவாதிகளையும் அவருடைய அரசே அதற்குள் நொறுக்கிவிட்டிருந்தது.

1920 டிசம்பரில் நோபல் அமைதிப் பரிசு வந்தது. அடுத்த மாதம், டெப்ஸை விடுவிக்கலாம் என்ற பரிந்துரை மேசைக்கு வந்தது. அனுப்பியவர், இடதுசாரிகளை வேட்டையாடிப் பெயர்பெற்ற அட்டர்னி ஜெனரல் பால்மர். அந்தத் தாளில் வில்சன் ஒரே சொல்லை எழுதினார்: மறுக்கப்பட்டது.