நிரூபிக்க வேண்டியவர் யார்?

பேராக், கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. ஈயத்தைக் கழுவி எடுத்தபின் எஞ்சும் கனமான மணலை ‘அமாங்’ என்பர். அதில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுப்பதற்காக, ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் 1982ஆம் ஆண்டு ‘ஏசியன் ரேர் எர்த்’ தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. கழிவாக மிஞ்சியதோ கதிரியக்கம் கொண்ட தோரியம். அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்!

ஆலைக் கழிவு எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கின்றனர். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கின்றனர். வளரும் உயிரணுக்களைக் கதிரியக்கம் எளிதில் சிதைக்கிறது.

ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த புக்கிட் மேரா வட்டாரத்தில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. அவர்களுள் எழுவர் பின்னர் இறந்தனர். 1985இல் மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும், 1994இல் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நோய் எதனால் வந்தது என்பதை யார் நிரூபிக்க வேண்டும்? இரத்தப் புற்றுநோய் தன் காரணத்தைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆலை வருவதற்கு முன் பிள்ளைகளின் உடல்நிலை எப்படி இருந்தது, வந்தபின் எப்படி மாறியது என்று ஒப்பிட்டால்தான் ஓரளவேனும் தெரியும். அந்த ஒப்பீட்டைச் செய்யப் பணமும் ஆய்வுக்கூடமும் வேண்டும். புதுக்கிராமத்துப் பெற்றோரிடம் அவை ஏது? பாதிக்கப்பட்டவரையே சான்று கேட்பது சட்டப்படி சரியாக இருக்கலாம், நியாயமாகத் தோன்றவில்லை.

பின்னாளில், ஆலையின் முக்கியப் பங்குதாரரான ஜப்பானிய நிறுவனம் தூய்மைப்படுத்தும் பணியை மேற்கொண்டது. அதன் செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர். வட்டாரப் பள்ளிகளுக்கு அது வழங்க ஒப்புக்கொண்டதோ 1,64,000 டாலர். அதுவும் நன்கொடையாகவே, நோய்களுக்குத் தான் பொறுப்பல்ல என்றே நிறுவனம் கூறியது. மண்ணுக்குச் செலவான தொகையையும் பிள்ளைகளுக்குக் கிடைத்த தொகையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இன்று மின்சார வாகனங்களுக்கு அரிய மண் தேவைப்படுகிறது. பேராக்கின் வடக்கே, கெனெரிங்கில் 2022இல் சோதனை முறையில் அதைத் தோண்டத் தொடங்கினர். அங்கு எடுப்பது மோனசைட் அன்று, களிமண்; கதிரியக்க அச்சம் குறைவு. என்றாலும், அங்கும் மண்ணுக்குள் இரசாயனக் கரைசல் செலுத்தப்படுகிறது. எந்தச் சுரங்கத்துக்கும் உரிமம் வழங்குமுன், சுற்றியுள்ள பள்ளி மாணவர்களின் இரத்தத்தையும் ஊரின் கிணற்று நீரையும் நிறுவனத்தின் செலவில் சோதித்து, முடிவுகளை மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆண்டுதோறும் அதே சோதனை தொடர வேண்டும். எண்கள் ஏறினால், காரணம் தாங்கள் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சுரங்கம் தோண்டுவோரே ஏற்கட்டும்.