வீட்டெலியும் விதைநெல்லும்

மார்கழி, தை மாதங்களில் பனி மிகுந்து, சம்பா அறுவடையும் முடிந்து வயலில் இரை குறையுங்கால், எலிகள் வீடு தேடி வருவது இயல்பேயாம். குடியானவர் பலர் அப்பொழுதுதான் பொறி தேடுகின்றனர். சுண்டெலியோ சுமார் 20 நாட் சினையில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். அக்குட்டிகளும் இரண்டு மாதத்திற்குள் சினைப்படும். ஆகையால் பிடிப்பதனால் மாத்திரம் அது தொலைவதில்லை. பூனை இருக்கப் பயமென்ன என்பாருமுளர். பூனை நுழையாத குதிரடியிலன்றோ எலி வசிக்கின்றது! குழந்தைகள் நடமாடுமிடத்தில் விஷம் வைத்தலோ தகாது.

சுண்டுவிரலளவு துவாரமும் சுண்டெலிக்கு வாயிலாகும். புரட்டாசியிலேயே வளைகளில் கண்ணாடித் துண்டுகளும் சுண்ணாம்புச் சாந்தும் இட்டு அடைத்து, குதிர்களைச் சுவரினின்று விலக்கி உயர்த்தி வைப்பதே உத்தமம். விதைநெல்லின் முளையை எலி கடித்துவிடின், நஷ்டம் ஒரு மரக்கால் நெல்லோடு நில்லாது. அடுத்த போகத்தின் நாற்றங்காலே குறையும்.