கொடி வந்தது, 50 வருஷம் கழித்து!

கராச்சியைக் கதிகலங்க வைத்த 'கில்லர்' ஏவுகணைப் படகுப் பிரிவுக்கு ஜனாதிபதி கொடி கிடைத்தது 2021 டிசம்பர் 8-ந் தேதி. மும்பையில் அன்றைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் கொடுத்தார். சபாஷ்!

1971 டிசம்பர் 4-ந் தேதி இரவு நடந்தது லேசான காரியமா? நிர்காட், நிபாட், வீர் என்று மூன்றே மூன்று சின்னப் படகுகள். துணைக்கு இரண்டு கப்பல்கள். பாகிஸ்தானின் கைபர், முகாபிஸ் கப்பல்கள் மூழ்கின. நம் ஆள் ஒருத்தர்கூடச் சாகவில்லை!

தலைமை தாங்கிய பப்ரு பான் யாதவுக்கு மகாவீர் சக்கரம். இன்னும் சிலருக்கு வீர சக்கரம். சரி, என்ஜின் சூட்டில் வெந்தவர்கள், ராடாரை விட்டுக் கண்ணெடுக்காதவர்கள், டீ போட்டுக் கொடுத்தவர் எல்லோருக்குமா பதக்கம் குத்த முடியும்? கொடி அப்படியில்லை. கடைசி மாலுமி வரை "இது எங்களோடது" என்று சொல்லிக்கலாம்.

அதைத்தான் இத்தனை தாமதமாகக் கொடுத்திருக்கிறார்கள். 22-வது பிரிவு என்று முறையாக அமைந்ததே 1991-ல்தான் என்பார்கள். இருக்கட்டும். அதற்குப் பிறகும் 30 வருஷமா? படகில் போன 20 வயசுப் பையனுக்கு 2021-ல் 70 வயசு. அதுவரை இருக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்ததோ!

அடுத்த கொடியையாவது பொன்விழா வரட்டும் என்று பெட்டியில் வைக்காதீர்கள்.